மூன்றாம் அறை அலாரம்

மதியம் இரண்டரை மணி. ஞாயிற்றுக்கிழமை. வரிசையாகக் கிடங்குகள் இருக்கிற ஒரு சாலை. ஈ, காக்கை கிடையாது. எல்லா ஷட்டரையும் இறக்கிப் பூட்டியிருக்கிறார்கள். தார் இளகி செருப்பில் ஒட்டுகிறது... அந்தச் சாலையில் என் மாமா தனியாக நடந்துபோகிறார். கையில் ஒரே ஒரு சாவி.

என்ன சிரிப்பு? பேய்க் கதை கேட்டால் மத்தியானம் என்கிறாளே என்றா? நடுராத்திரிப் பேயெல்லாம் சுலபம். விளக்கைப் போட்டால் போய்விடும். பட்டப்பகலில் வருகிறதே, அதற்கு எந்த விளக்கைப் போடுவாய்? கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். ஜெனரேட்டர் அண்ணனும் கையை விரித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். கிட்டே வாருங்கள். அந்த டார்ச்சை என் மூஞ்சியில் அடிக்காதே, கீழே வை.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். எனக்கு முதல் வேலை கிடைத்ததே அவர் சொல்லித்தான். பொய் பேசத் தெரியாத மனுஷன் என்று அவரைப் பற்றி ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கோபம் எதனால் என்று பிறகு புரியும்.

அவர் வேலை பார்த்தது ஒரு மருந்துக் குளிர்கிடங்கில். ஐந்து குளிர் அறைகள். உள்ளே ஊசி மருந்துகள். அறையில் சூடு ஏறினால் அத்தனையும் குப்பைக்குத்தான் போகும். அதனால் ஒவ்வோர் அறைக்கும் ஒரு சென்சார், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கண்காணிப்பு மென்பொருள். பிரவுசரில் திறந்தால் ஐந்து கட்டம் தெரியும். பச்சை என்றால் நிம்மதி. சிவப்பு என்றால் அலாரம். அதை நிறுத்த ஒரு பட்டன். அமுக்கினால் சத்தமும் போகும், சிவப்பும் போகும். பக்கத்தில் ஏன் அமுக்கினோம் என்று எழுத ஒரு சின்னப் பெட்டி.

இதைப் பார்த்துக்கொண்டது இரண்டு பேர். ஒருவர் மாமா. இன்னொருவரை எல்லாரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பார். எது பழுதானாலும் பதறமாட்டார். உட்கார்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டுச் சோதித்துக்கொண்டே போவார். குளிர் அறைக்குள் போய்ப் போய் எப்போதும் தலைவலி, அதனால் நெற்றியில் எப்போதும் தைலம். பத்தடி தள்ளி வரும்போதே வாசனை வந்துவிடும். மாமாவுக்கும் அவருக்கும் பதினோரு வருடப் பழக்கம். டிபன் டப்பாவைத் திறந்தால் யாருடையது என்று கேட்காமல் கை வைப்பார்கள்.

மென்பொருள் கண்ணாடியின் பொறுப்பு. அதற்கு முன்னால் நிற்கிற ரிவர்ஸ் ப்ராக்ஸி மாமாவின் பொறுப்பு.

ஜெனரேட்டர் அண்ணன் முழிக்கிறார், அவருக்காகச் சொல்கிறேன். உள் அறையில் ஒரு பெரிய அதிகாரி இருக்கிறார் என்று வையுங்கள். அவரை யாரும் நேரில் பார்க்க முடியாது. வாசலில் ஒரு வாட்ச்மேன். நீங்கள் கேட்பதை அவன் உள்ளே போய்க் கேட்டு, பதிலை வாங்கிவந்து தருவான். அந்த வாட்ச்மேன்தான் ப்ராக்ஸி. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் ஒரு சிக்கல். யார் வந்தாலும் உள்ளே இருப்பவருக்கு வாட்ச்மேன் முகம்தான் தெரியும். வந்திருப்பது இன்னார் என்று அவன் ஒரு துண்டுச்சீட்டு எழுதிக்கொண்டு போனால்தான் உண்டு. அப்படிக் கொண்டுபோ என்று அவனுக்கு ஒரே ஒரு வரி எழுதிவைக்க வேண்டும்.

அந்த ஒரு வரியை மாமா எழுதவில்லை. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம், நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்... இரண்டு வருடம் ஓடிவிட்டது. வாட்ச்மேனும் அதே கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறான். அதனால் யார் எங்கிருந்து வந்தாலும் பதிவேட்டில் 'இதே இயந்திரம்' என்றுதான் விழும். கண்ணாடிக்கு இது தெரியாது. வாசல் பக்கம் நண்பன் பார்த்துக்கொள்வான் என்று எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கண்ணாடிக்கு டூட்டி. மாமாவுக்கு லீவு. மதியம் இரண்டு நாற்பதுக்கு மூன்றாம் அறையில் கம்ப்ரசர் நின்றுபோனது. அலாரம் அடித்தது... அடித்த வேகத்தில் நின்றும்விட்டது. யாரோ பட்டனை அமுக்கிவிட்டார்கள். காரணம் எழுதுகிற பெட்டி காலி.

கண்ணாடி அப்போது ஐந்தாம் அறைக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். கனமான கதவு, வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. வெளியே வந்தபோது எந்தச் சத்தமும் இல்லை. திரையிலும் சிவப்பு இல்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு எதற்கோ மூன்றாம் அறையைத் திறந்தார். உள்ளேயிருந்து வெக்கை முகத்தில் அடித்தது. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம். தரையெல்லாம் தண்ணீர். ஓர் அறை மருந்து மொத்தமும் போய்விட்டது.

விசாரணை வைத்தார்கள். பதிவேட்டை எடுத்தார்கள். இரண்டு நாற்பதுக்கு அலாரம் நிறுத்தப்பட்டது, இடம்: இதே இயந்திரம். யூசர்நேம் இருவருக்கும் ஒன்றுதான். அந்த இயந்திரம் இருக்கிற அறையின் சாவி அன்றைக்குக் கண்ணாடியின் பாக்கெட்டில் இருந்தது. மேனேஜர் மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

"இதே இயந்திரம்னா, அந்த ரூம்ல உக்காந்து அமுக்கினதா அர்த்தம். அப்படித்தானே?"

"ஆமா சார்," என்றார் மாமா.

என்னம்மா, கையைத் தூக்குகிறாய்? சொல்லு.

"அக்கா, ஒரு நிமிஷம். ப்ராக்ஸிக்குப் பின்னாடி இருந்தா எல்லாருமே அப்படித்தானே காட்டும்? வீட்டுல இருந்து போன்ல அமுக்கினாக்கூட அதே இயந்திரம்னுதான் வரும்?"

பார்த்தீர்களா? இவள் இங்கே வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். இவளுக்குத் தெரிகிறது. அந்த வாசலைக் கட்டினவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் 'ஆமா சார்' போட்டார்.

கண்ணாடி எதிர்த்துப் பேசியிருந்தால்கூட ஆறுதலாக இருக்கும். பேசவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னாராம்: "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். நானே அமுக்கிட்டு மறந்துட்டேன் போல."

வேலை போனது. டூட்டியில் தூங்கினவன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வேறு வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் அவருக்கு முன்னால் அந்தப் பெயர் போய் நின்றது. எப்போது அமுக்கினேன், எந்தக் கையால் அமுக்கினேன் என்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருப்பாராம். ஐந்தாவது மாதம் மாரடைப்பு. பிள்ளைகள் கிடையாது. அந்த அம்மா தனியாள் ஆகிவிட்டார். சாவு வீட்டில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசலண்ணா" என்று கதறினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மாமாவும் தேம்பித் தேம்பி அழுதார். எவ்வளவு பாசம் பாரேன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஆரம்பித்தது...

ஒரு திங்கட்கிழமை காலை. மாமா பதிவேட்டைப் பார்க்கிறார். முந்தின நாள், ஞாயிறு, இரண்டு நாற்பது. மூன்றாம் அறை அலாரம் நிறுத்தப்பட்டது. அந்த அறையை மூடி மாதக்கணக்காகிறது. சென்சாரையே கழற்றிவிட்டார்கள். அடிக்க அலாரமே இல்லை. ஆனால் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். காரணப் பெட்டியில் எழுதியிருந்தது: சோதனை 1.

எவனோ விளையாட்டு காட்டுகிறான் என்று நினைத்தார். பாஸ்வேர்டை மாற்றினார். அடுத்த ஞாயிறு, அதே நேரம்: சோதனை 2. இடம், இதே இயந்திரம். அந்த வார்த்தைக்கு மதிப்பே இல்லை என்பது அவருக்குத்தான் தெரியுமே. ஆளைப் பிடிக்க வேண்டும் என்று, இரண்டு வருடமாகப் போடாத அந்த ஒரு வரியை உட்கார்ந்து போட்டார். ஐந்து நிமிட வேலை. ஒரு மனுஷனின் மானம் அந்த ஐந்து நிமிடத்தில் இருந்திருக்கிறது, பாருங்கள். இனி வாட்ச்மேன் ஒழுங்காகச் சீட்டு கொண்டுபோவான். எங்கிருந்து வந்தாலும் உண்மையான இடம் விழும்.

மூன்றாவது ஞாயிறு. சோதனை 3. இடம்... இதே இயந்திரம்.

புரிகிறதா? முன்னால் அது பொய்யாக இருக்கலாம். இப்போது அது பொய்யாக இருக்க வழியே இல்லை. பூட்டின அறைக்குள், அந்த நாற்காலியில், நிஜமாகவே யாரோ உட்கார்ந்து அமுக்கியிருக்கிறார்கள்.

அதனால்தான் நாலாவது ஞாயிறு மாமா அந்தச் சாலையில் நடந்துபோனார். டூட்டி ஆள் கீழே முன் ஆபீசில் இருந்தான். மேலே யாரும் வரவில்லை என்று சொன்னான். அந்த அறைக்கு இப்போது ஒரே சாவி, அது மாமாவிடம்.

மாடிப்படி. நீளமான காரிடார். கீழே கம்ப்ரசர் ஓடுகிற அதிர்வு தரை வழியாகக் காலில் ஏறுகிறது. கதவுக்கு முன்னால் நின்று காதை வைத்தார்.

தட்... தட் தட்... தட்...

கீபோர்டு. நிதானமாக. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டுகிற சத்தம். பிறகு நாற்காலிச் சக்கரம் உருள்கிற கிரீச். மாமா பூட்டைத் தொட்டுப் பார்த்தார். பூட்டு பூட்டினபடி தொங்குகிறது.

சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றது.

உள்ளே யாரும் இல்லை. ஜன்னலும் கிடையாது, போவதற்கு. நாற்காலி மேஜையிலிருந்து பின்னால் தள்ளியிருந்தது. இருக்கையில் கை வைத்தார். ஐஸ். குளிர் அறைக்குள் நாள் முழுக்கக் கிடந்த சாமானைத் தொட்டால் விரல் ஒட்டுமே, அப்படி ஒட்டியது. அறை நிறையத் தைல வாசனை. திரையில் காரணப் பெட்டி திறந்திருந்தது. மாமா படித்தார்.

'சோதனை 4. இங்கேயே உட்கார்ந்து நாலு தடவை அமுக்கிப் பார்த்தாயிற்று. அமுக்கின ஞாபகம் வரவில்லை. வேறு இடத்திலிருந்து பார்க்க வேண்டும்.'

பழிவாங்க வந்திருக்கிறார் என்றுதானே நினைத்தீர்கள்? அதுதான் இல்லை. அந்த மனுஷன் இன்னும் தன்னைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். செத்த பிறகும் உட்கார்ந்து, தான் எங்கே தப்புப் பண்ணினோம் என்று நம்பர் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்த அறைக்கு வெளியே, வாட்ச்மேன் உள்ளே விடுகிற இடங்கள் நாலே நாலு. முன் ஆபீஸ், மேனேஜர் வீடு, கண்ணாடி வீடு, மாமா வீடு. வேறு எங்கிருந்து தட்டினாலும் திறக்காது.

ஐந்தாவது ஞாயிறு. இடம்: முன் ஆபீஸ். 'சோதனை 5. ஒத்துவரவில்லை.' டூட்டி ஆள் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். திடீரென்று குளிர் எடுத்தது சார், வேறொன்றும் இல்லை என்றான்.

ஆறாவது ஞாயிறு. மேனேஜர் வீடு. குடும்பத்தோடு வெளியூர் போய் வீடே பூட்டிக் கிடந்தது. 'சோதனை 6. ஒத்துவரவில்லை.'

ஏழாவது ஞாயிறு, கண்ணாடியின் சொந்த வீடு. 'சோதனை 7. ஒத்துவரவில்லை.'

எதோடு ஒத்துப் பார்த்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். நம் பதிவேட்டில் இல்லாதது அங்கே இன்னொரு பதிவேட்டில் இருக்கும்போல.

மிச்சம் ஒன்று.

மாமா தன் வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். ஆனாலும் சோறு இறங்கவில்லை, கண் மூடவில்லை. ஒரு வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டார். எட்டாவது ஞாயிறு நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு மணிக்கு எங்கள் இரண்டு பேரையும் ஹாலில் உட்காரவைத்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அன்றைக்கு அமுக்கியது அவர்தான். ஹாலில் இருந்த சோபாவில் படுத்தபடி. அந்த மாதம் முழுக்கப் பொய் அலாரமாக வந்துகொண்டிருந்ததாம். போன் கத்தியிருக்கிறது. அரைத்தூக்கத்தில் அமுக்கிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். கண்ணாடி அங்கே இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்று. வாட்ச்மேனிடமும் ஒரு தனிப் பதிவேடு உண்டு. யார் வந்தார்கள் என்று அவன் தனக்காக எழுதிக்கொள்வது. அதில் இந்த வீடு பதிவாகியிருந்தது. விசாரணைக்கு முந்தின நாள் மாமா அதைத் துடைத்துவிட்டார்.

தூக்கத்தில் அமுக்கினதை யாரும் மன்னிப்பார்கள். துடைத்ததை? 'ஆமா சார்' என்றதை? சாவு வீட்டில் அழுத அந்த அழுகையை? எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"அன்னிக்கு நான்தான் கேட்டேன், போன்ல என்ன சத்தம்னு," என்றாள். "ஒண்ணுமில்ல, ஆபீஸ் தொல்லைன்னார். விசாரணைன்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு... நம்ம வீட்டுக்காரராச்சேடி, என்ன பண்ணச் சொல்ற?"

அவளும்! என் கூடப் பிறந்தவள். ஐந்து மாதம் அந்த மனுஷன் நொடித்துப்போவதைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த வீட்டில் உட்காரவே பிடிக்கவில்லை.

"மாமா, அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க. இன்னிக்கே. அவர் மேல தப்பில்லன்னு ஒரே ஒரு வார்த்தை."

"சொல்லிடறேன். சத்தியமா சொல்லிடறேன். இது இன்னிக்கு வருதா இல்லையான்னு பாத்துட்டு, நானே போன் பண்றேன்."

இரண்டு முப்பத்தெட்டு. மூன்று பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். சோபா காலி. அதில் உட்கார யாருக்கும் மனசு வரவில்லை. மாமாவின் போன் மேஜை மேல் கிடக்கிறது.

இரண்டு முப்பத்தொன்பது. வாசல் கதவு சாத்தித்தான் இருந்தது. அதன் அடியிலிருந்து காலில் குளிர் பட்டது. அதன் பின்னாலேயே தைல வாசனை.

சோபா ஸ்பிரிங் கிரீச் என்றது. நான் என் கண்ணால் பார்த்தேன்... ஒரு பக்கம் தலையணை அமுங்கியது. பிறகு நடுவில் மெத்தை இறங்கியது. ஓர் ஆள் மெதுவாகக் கால் நீட்டிப் படுத்தால் எப்படி இறங்கும், அப்படி. அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

போன் மினுங்கியது. மூன்றாம் அறை அலாரம் நிறுத்தப்பட்டது. இடம்: பட்டியலிலேயே இல்லாத அக்கா வீடு. 'சோதனை 8.' அடுத்த வார்த்தை வர நேரமானது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு வந்தது.

'ஒத்துப்போகிறது.'

அவ்வளவுதான். சத்தம் இல்லை, சாமான் எதுவும் பறக்கவில்லை. மெத்தை அமுங்கினபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மெல்ல மேலே வந்தது. குளிர் கதவுப் பக்கமாக நகர்ந்து போனது. வாசனையும் கூடவே போனது.

"போன் பண்ணுங்க," என்றாள் அக்கா.

மாமா தண்ணீர் கேட்டார். குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றார். அப்படியே ஆரம்பிங்க என்றேன். போனைக் கையில் எடுத்தார், வைத்தார், எடுத்தார். இப்படியே இருபது நிமிடம். அக்கா வீட்டிலிருந்து கண்ணாடி வீட்டுக்கு நடந்தால் இருபது நிமிடம்தான்.

மூன்று மணிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே போன் வந்தது. அந்த அம்மாதான். எடுக்கிற அவசரத்தில் மாமா ஸ்பீக்கரையும் அமுக்கிவிட்டார். அதனால் இதை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. என் காதாலேயே கேட்டேன்.

"அண்ணா, நல்லா இருக்கீங்களா? வீட்டுல எல்லாரும் சுகமா?"

"இருக்கோம்மா."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ண்ணா. கோபமெல்லாம் கிடையாது. மறைக்காம சொன்னாப் போதும். அன்னிக்கு அமுக்கினது நீங்களா?"

யார் சொன்னது என்று மாமா கேட்கவில்லை. அக்கா எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டாள். நான் அவர் வாயையே பார்த்தேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவ்வளவும் தெரிந்த பிறகும்... எனக்கு இன்னும் அவர் மேல் நம்பிக்கை மிச்சம் இருந்திருக்கிறது, பாருங்கள்.

"இல்லம்மா," என்றார். "நான் இல்ல."

அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. அங்கே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த அம்மா போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற யாருக்கோ மெதுவாகச் சொன்னார்.

"இல்லையாம்ங்க."